ஃபியட்டுக்குக் கண் வந்த கதை

பிரேக்கில் ஏறி நின்றேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, சீட்டை விட்டு எழும்பி நிஜமாகவே நின்றேன். கார் கொஞ்ச தூரம் வழுக்கி, இருமி, அடங்கியது. முன் கண்ணாடி முழுக்க ஒரு கறுப்பு மாடு. அது தலையை மட்டும் திருப்பி, அழைக்காமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி அசைபோட ஆரம்பித்தது.

பக்கத்து சீட்டில் எங்கள் வீட்டுக்காரர். அவர் மடியில் ஒரு தூக்குவாளி. ஒரு நொடிக்கு முன்புவரை அதில் கருப்பட்டிப் பாயசம் இருந்தது. இப்போது பாதிப் பாயசம் அவருடைய வெள்ளை வேட்டியில் இருந்தது. மீதிப் பாதி என் செருப்பைத் தேடி வந்துகொண்டிருந்தது.

“மாடு,” என்றேன் மூச்சு வாங்க.

“எந்த மாடு?” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! கண் முன்னால் மலை மாதிரி நிற்கிறது, இந்த நேரத்திலும் இவருக்குக் குத்தல் பேச்சு. நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை ஆசிரியர் அச்சில் போட மாட்டார். அந்த “எந்த மாடு”வை மட்டும் வாசகர்கள் ஒரு ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

போன வாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஹெட்போனோடு தூங்கிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “அம்மா, நடுவில் ஒரு ஃபியட் கார் வந்ததே, அது இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டு எழுதியிருந்தார். இருக்கிறது தாயே. இல்லாமல் போகவிருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆறு மணிச் சட்டம்

எனக்கு வீடு தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பக்கத்தில். பிறந்த ஊர் சாயர்புரம். ஊர் மாறினேனே தவிர, சாயர்புரம் கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ வரிசையை, அதாவது மெட்டுக்குத் துணையாகப் பெண்கள் பாடுகிற கீழ்க்குரலை, நான் விட்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி. வெளிச்சத்தில் போய், இருட்டுகிற நேரத்தில் திரும்புவேன். நான் ஓட்ட, அவர் இடது பக்கம் உட்கார்ந்து வருவார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எப்படி ஓட்ட வேண்டும் என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

மாட்டுக்கு மறுநாள் அவர் மஸ்கட்டில் இருக்கும் எங்கள் மகன் ஜோயலுக்குப் போன் போட்டார். இரண்டு ஆண்பிள்ளைகளும் பேசி முடித்து எனக்குத் தீர்ப்பு வாசித்தார்கள். ஆறு மணிக்கு மேல் அம்மா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. காரை யாருக்காவது கொடுத்துவிடலாம். அம்மாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது.

பார்வையாம்! போன வருஷம்தான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டேன். எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணியில் எத்தனை பட்டன் இல்லை என்று இங்கிருந்தே சொல்லுவேன். அன்றைக்கே டாக்டர் இவரையும் ஒரு தடவை கண்ணைக் காட்டச் சொன்னார். இவர் சிரித்தார். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த வரைக்கும் கண் பரிசோதனையில் ஒரு எழுத்துத் தவறியதில்லையாம். “இது ரயில்வே கண்ணு,” என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார்.

குறை என் கண்ணில் இல்லை, காரின் கண்ணில்தான். அந்த ஹெட்லைட் இரண்டும் எரிந்தால், எரிகிறதா என்று பார்க்க ஒரு டார்ச் வேண்டும். அப்படிப்பட்ட மஞ்சள்.

இதிலே இன்னொரு நெருக்கடி. அசனப் பண்டிகை வரப்போகிறது. ஊரே கோயிலில் கூடிப் பாடி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். எங்கள் பாட்டு மாஸ்டர் கறார் பேர்வழி. தொடர்ந்து இரண்டு சனிக்கிழமை வராதவர் அசனத்தன்று கீழே உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். வருஷக்கணக்காக மேலே நின்றவளைக் கீழே உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

டிரங்க் கால் கல்யாணம்

ஒரு நிமிஷம் லைனில் இருங்கள். இவர் என்னை எப்படிப் பிடித்தார் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன், கதைக்குத் தேவை.

அப்போது இவர் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன் ஊரில் தங்கியிருந்தார். வாரம் ஒருமுறை அவருடைய அம்மாவுக்கு டிரங்க் கால் போடுவார். லைன் எப்போதும் கரகரக்கும். இவர் சொல்வது அம்மாவுக்குக் கேட்காது, அம்மா சொல்வது இவருக்குக் கேட்காது. நடுவில் ஆபரேட்டராக இருக்கிற எனக்கு மட்டும் இரண்டும் கேட்கும். அதனால் அவர் சொன்னதை நான் அங்கே சொல்வேன், அம்மா சொன்னதை இங்கே சொல்வேன்.

அம்மா பெண் பார்க்கிற மும்முரத்தில் இருந்தார். “அனுப்புன போட்டோவுல பொண்ணு எப்படி இருக்காளாம்?” என்பார். நான் கேட்டுச் சொல்வேன், “வேண்டாமாம்.” அடுத்த வாரமும் வேண்டாமாம். அதற்கடுத்த வாரமும். கடைசியில் அம்மா சலித்துப்போய், அவனுக்கு எப்படிப்பட்ட பெண்தான் வேண்டும் என்று கேட்கச் சொன்னார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நல்ல குரல் இருக்கணும்னு சொல்லுங்க,” என்றார். நானும் மடச்சி, அப்படியே வரி பிசகாமல் அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இரண்டு நாளானது.

ஆக, முகம் பார்க்காமல் என் குரலை நம்பி வந்தவர் இவர். சரி, காருக்கு வருவோம்.

பனை உச்சியில் வெளிச்சம்

நான் ஜோயலோடு பேரம் பேசினேன். கார் விளக்கை மாற்றிப் பார்ப்போம், அதற்குப் பிறகும் சரியில்லை என்றால் விற்றுவிடலாம். பிள்ளை இரக்கப்பட்டு ஆன்லைனில் இரண்டு எல்ஈடி பல்பு அனுப்பினான். டவுனில் ஒரு கடையில் மாட்டிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், நான் தனியாகவே மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு ஓட்டம் போய்ப் பார்த்தேன்.

அம்மாடி! என்ன வெள்ளை, என்ன வெளிச்சம்! பனை உச்சியில் எத்தனை குலை தொங்குகிறது என்று எண்ணலாம். மாடியில் படுத்திருந்த பூனை எழுந்து உட்கார்ந்தது. ரோட்டில் குழி எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறியது, தார் ரோட்டை விட்டுவிட்டு. எதிரே வந்தவர்கள் அத்தனை பேரும் டிம் அடித்தார்கள். ஒரு லாரிக்காரர் என் பிறந்த வீட்டாரை விசாரித்தார்.

பீச் ரோட்டில் திரும்பும்போது ஒருவர் மொபெட்டைக் குறுக்கே நிறுத்திவிட்டார். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, “ஏலே, கண்ண அவிச்சிருவ போலிருக்கே, யாருலே அது?” என்று கத்திக்கொண்டே வந்தவர், ஜன்னலில் என் நரைத்த தலையைப் பார்த்ததும் குரலை இறக்கி, “யக்கா, நீங்களா?” என்றார்.

அவர்தான் மச்சாது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். காருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் குனிந்து ஹெட்லைட்டை ஒரு தட்டு தட்டினார். பானட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தவர், பல் வலிக்காரன் வாயைப் பார்த்த மாதிரி முகத்தைச் சுளித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன், அன்றைக்குக் கடலுக்குப் போட்டு, அதாவது படகு, போகாது, எனக்கும் வேலை இல்லை என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. நான் பயிற்சிக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆல்டோவைத் தனியாகப் பாடினேன். ஆல்டோவைத் தனியாகப் பாடினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் போய்விட்டது. இன்னும் ஒன்று போனால் நான் கீழே.

மூன்று வோல்ட் எங்கே போச்சு

மச்சாது வந்ததும் முதலில் பல்பைத் தொடவில்லை. மீட்டரை எடுத்தார். பேட்டரியில் வைத்தார், பன்னிரண்டரை. பழைய பல்பை மாட்டி, எரியவிட்டு, பல்பின் கழுத்தில் வைத்தார். ஒன்பது சொச்சம்.

“பாத்தீயளா யக்கா, மூணு வோல்ட்டு வழியிலயே காணாமப் போச்சு. பல்பு என்ன செய்யும், பாவம். அரப்பட்டினியில கெடக்கு.”

பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். காரில் பல்புக்கு ஒரு வயர்தான் போகும். கரண்ட் திரும்பி வருவது காரின் இரும்பு உடம்பு வழியாக. அதற்குப் பெயர் எர்த். நம்மூர் உப்புக் காற்று அந்த உடம்பில் ஒவ்வொரு போல்ட்டாகத் தின்று வைத்திருக்கிறது. கரண்ட் திரும்ப வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. போட்டுக்கு இப்படிச் செய்யவே மாட்டார்கள். உடம்பை நம்புகிற வேலையே கிடையாது. ஒவ்வொரு லைட்டுக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர்.

“கார்க்காரங்க வேற மாதிரி செய்வாங்க. எனக்குத் தெரிஞ்சது இதுதான். போட்டு மாதிரியே இழுத்திரவா?” என்று கேட்டார்.

இழுங்க என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

படகுக்கான தடித்த வயரை விளக்கிலிருந்து பேட்டரிவரை இழுத்தார். நடுவே ரிலே என்று இரண்டு சின்ன டப்பா வைத்தார். இனி சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல் பேட்டரியிலிருந்து நேராகவே கரண்ட் பாயுமாம். பழுப்பேறிய பழைய விளக்குகளைக் கழற்றி, அதே அளவில் புது வட்ட விளக்கும் ஹாலஜன் பல்பும் மாட்டினார். மூட்டுக்கு மூட்டு கிரீஸ் தடவி உறை போட்டார். ஹெட்லைட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன பார்க்கிங் லைட் இரண்டும் உடைந்து கிடந்தன. அதற்கும் தன் பையிலேயே சரியான அளவில் இரண்டு இருக்கிறது என்று, பேச்சோடு பேச்சாக மாட்டிவிட்டார். வெள்ளைக் கண்ணாடி, பார்க்க லட்சணமாக இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்து, கரண்ட் வருகிறது என்று மூடினார்.

ஐஸ் கம்பெனிச் சுவர்

விளக்கை மாட்டினால் போதாது, குறி வைக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் காரைப் பக்கத்து ஐஸ் கம்பெனிப் பின்சுவருக்கு நேரே நிறுத்தினோம். மச்சாது சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும், அப்போதுதான் எதிரே வருகிறவன் நம்மைத் திட்ட மாட்டான்.

இவரைச் சுவர் பக்கம் நின்று சொல்லச் சொன்னோம். மச்சாது திருகைத் திருப்ப, இவர், “சரி, சரி, கோட்டுல நிக்கி,” என்றார். போய்ப் பார்த்தால் ஒரு சாண் மேலே. மறுபடி. “இப்ப சரி.” ஒரு சாண் கீழே. வேண்டுமென்றே கெடுக்கிறார், கார் சரியாகிவிடக் கூடாது என்று பார்க்கிறார் என நான் பல்லைக் கடித்தேன். மச்சாது சமாதானமாக, “அண்ணாச்சி, நீங்க உள்ள உக்காருங்க, உங்க வெயிட்டையும் சேத்துத்தான் பாக்கணும்,” என்று அவரைக் காரில் ஏற்றினார். ஏறியதும் இடது வட்டம் இரண்டு விரல் இறங்கியது. அவர் கனத்தையும் சேர்த்தே விளக்கைத் திருத்தினோம்.

முடிந்தபின் விளக்கைப் போட்டேன். சுவரில் ஒவ்வொரு செங்கல்லும் தெரிந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது, தட்டினேன். இவர் மட்டும் அசையவில்லை. சனிக்கிழமை அவரும் கூட வருவாராம். திரும்பி வருகையில் அவருக்கு ஒரே ஒரு தடவை நெஞ்சு பக்கென்றால் போதும், அதோடு காரை விற்றுவிட வேண்டும். நான் சம்மதித்தேன்.

மாடு, இரண்டாம் முறை

சாயர்புரத்தில் மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பாடினேன் பாருங்கள், அப்படிப் பாடினேன்.

திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டேன். ரோடு தன்னைத் தானே விரித்துக்கொண்டு போனது. ஓரத்து வெள்ளைக் கோடு, மைல் கல், முள்செடி, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஆஜர் சொன்னது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, மறுபடி ஆல்டோ பாடினேன். பனங்காடு முடிந்து உப்பளம் தொடங்குகிற இடம். வெகு தூரத்தில் இரண்டு கண் மின்னியது.

அதே மாடுதான், சத்தியமாக. அதே இடம், அதே நிற்பு. நான் சாவகாசமாகக் கியரைக் குறைத்து, இருபதடிக்கு முன்னாலேயே நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

“என்ன, நெஞ்சு பக்குன்னுச்சா?”

“எதுக்கு நிறுத்துன?” என்றார்.

“மாட்டைப் பாருங்க.”

“எந்த மாடு?”

இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. மாட்டின் கொம்பு தெரிகிறது, கழுத்துக் கயிறு தெரிகிறது, இவர் கண்ணாடியை உற்று உற்றுப் பார்க்கிறார். மைல் கல் தெரிகிறதா என்றேன். இல்லை. வெள்ளைக் கோடு? இல்லை. புகைக்குள் விளக்கு வைத்த மாதிரி இருக்கிறது என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருஷம் இருக்குமாம்.

“ஆறு மணிக்கு மேல எல்லாருக்கும் இப்படித்தாம்னு நெனச்சேன், பியூலா. எனக்கே தெரியல, உனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நீ தடம் பழகிப்போய் ஓட்டுதன்னு நெனச்சேன்.”

யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும், கண் தெரியாத ஒருத்தி ஓட்டுகிற காரில் உட்கார்ந்து வருவதாக நினைத்துக்கொண்டே இந்த மனுஷர் வந்திருக்கிறார். மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு!

“பெறகு எதுக்கு ஏறி உக்காந்தீங்க?”

“நீ போறல்லா,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன், அப்படியே அழுதேன். தலை ஹாரனில் அழுந்தி அது நீளமாக அலறியது. மாடு அதிருப்தியோடு தலையைத் திருப்பி, வழியை விட்டுப் போனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவரே ஜோயலுக்குப் போன் போட்டார். “உங்க அம்மைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு,” என்று ஆரம்பித்தார்.

அசனம்

மறு வாரமே ரயில்வே கண்ணில் ஒன்றுக்குப் புரை எடுத்தாகிவிட்டது. அவருக்குக் கண்ணில் கறுப்புக் கண்ணாடி, எனக்கு வாயெல்லாம் பல். இடைப்பட்ட சனிக்கிழமைகளில் நான் தனியாகப் போய் வந்தேன். லேசாக இருட்டும் நேரத்தில் நான் சின்ன லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு பீச் ரோட்டில் போனால், மீன்பிடித் துறைமுகத்துப் பையன்கள் கையைத் தூக்கி சலாம் வைத்தார்கள். ஒரு பெரியவர் துண்டை அவிழ்த்து வீசினார். பழைய காருக்கு எவ்வளவு மரியாதை பார் என்று நான் பூரித்துப் போய் எல்லோருக்கும் கையசைத்தேன்.

அசனத்தன்று நான் மேலே நின்று பாடினேன். இவர் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தார் என்றால், நிஜமாகவே பார்த்தார். என் புடவைக் கரை மாம்பழ நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

சாப்பாடு முடிந்து, அந்தி மங்கும் நேரம், கிளம்பினோம். எப்போதும் காரை மதிலைப் பார்த்து நிறுத்துவேன். அன்று கூட்டம், வாசலைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். நான் முதலில் ஏறி சின்ன லைட்டைப் போட்டேன். தூக்குவாளிப் பாயசத்தோடு முன்பக்கமாகச் சுற்றி வந்த இவர், காருக்கு நேர் எதிரே அப்படியே நின்றுவிட்டார்.

இடது விளக்கைப் பார்த்தார். வலது விளக்கைப் பார்த்தார். மறுபடி இடது. என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, மச்சாதுக்குப் போன் போடு என்றார். போட்டுக் கொடுத்தேன். காரின் முன்னால் ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் பச்சையும் எரிகிறதே தம்பி, அது எதற்கு என்று விசாரித்தார்.

மச்சாது சொன்னது எனக்கும் கேட்டது.

“ஆத்தாடி... அண்ணாச்சி, போட்டுக்கு இடது செவப்பு, வலது பச்ச. வெள்ளக் கண்ணாடி, எரிஞ்சாத்தான் நெறம் தெரியும், செவுத்துல பாத்த அன்னைக்குப் பெரிய லைட்டு அத அமுக்கிருச்சு. கை தானா மாட்டிருச்சு. ஞாயித்துக்கெழம வந்து மாத்தித் தாரேன்.”

இத்தனை நாளும் நான் கரையில் ஓடுகிற விசைப்படகாக ஊரைச் சுற்றியிருக்கிறேன். அந்த சலாம்கள்! வலப்பக்கச் செடியெல்லாம் கூடுதல் பச்சையாகத் தெரிந்ததை நானும் பார்த்திருக்கிறேன். செடி என்றால் பச்சைதானே என்று விட்டுவிட்டேன். ஆல்டோ வரிசை முழுவதும் காரைச் சூழ்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி முன்னால் போய், முதுகை நிமிர்த்தி, பழைய கார்டு நிற்கிற நிற்பு நின்றார்.

“வேலையில இருந்த காலம் பூராவும் செவப்புங் காட்டுனேன், பச்சையுங் காட்டுனேன். ரெண்டையும் ஒண்ணாக் காட்டுனது கெடையாது. இப்ப இந்த வண்டி நிக்கணுமா, போகணுமா, பியூலா?”

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

“செவப்பு உங்க பக்கம், பச்சை எம்பக்கம். ஏறுங்க, பாயசம் ஆறுது.”

ஏறினார். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டார்.